காலாங் மைதானம் யாருக்கு?

சிங்கப்பூரில், காலாங் நதிக்கரையில், மற்றொரு விளையாட்டரங்கம் எழும்ப இருக்கிறது. 18,000 பேர் அமரக்கூடிய புதிய உள்ளரங்கம் ஒன்று கட்டப்படும் என்று 2025 மார்ச் மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். 1989இல் திறக்கப்பட்ட பழைய உள்ளரங்கத்தில் 12,000 பேர்தான் அமர முடியும். பெரிய போட்டிகளுக்கும் பெரிய கச்சேரிகளுக்கும் இடம் போதவில்லை என்கிறது சர்க்கார். அரங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்க விரும்புவது இவ்வளவுதான்: கட்டப்போவது யார் பணத்தில்? நடத்தப்போவது யார்? கட்டி முடித்த பிறகு அதில் ஓடப்போவதும் ஆடப்போவதும் யார்?

"சிங்கப்பூரைப் பார், சிங்கப்பூரைப் பார்" என்று நம் ஊர் மேடைகளில் முழங்குகிறவர்களுக்கு இப்படிக் கேட்டால் கோபம் வரும். சரி, பார்ப்போம். வானை முட்டும் கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்போம். ஏனெனில், இதே காலாங் நிலத்தில், சென்ற பதினைந்து ஆண்டுகளில் நடந்திருக்கிற ஒரு சங்கதி, பொதுச் சொத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தால்தான் உருப்படும் என்று ஓயாமல் ஓதிக்கொண்டிருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

முதலில் நாட்டின் அளவை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர் நிலம். 60 லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனத்தொகை. நமது சென்னைப் பெருநகரின் பழைய எல்லையைவிடச் சிறிய பூமி. இங்கே ஒரு மைதானம் போட்டால், அந்த இடத்தில் வீடு இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் இல்லை என்று அர்த்தம். கால்பந்து ஆடும் சிறுவனுக்கும் வீட்டுக்காகக் காத்திருக்கும் புதுமணத் தம்பதிக்கும் ஒரே துண்டு நிலத்தின் மீது கண். அப்படிப்பட்ட நாட்டில், சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு வரை, நிலத்தில் இரண்டு சதவீதத்தைக் கோல்ஃப் திடல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. சுமார் 1,500 ஹெக்டேர்! குத்தகை முடிய முடியச் சர்க்கார் சிலவற்றைத் திரும்ப எடுத்து வருகிறது. கிராஞ்சியில் இருந்த குதிரைப் பந்தய மைதானமும் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துவிட்டது. 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த நிலம் 2027இல் சர்க்காரிடம் வர வேண்டும். வீடுகள் கட்ட உத்தேசம். வெள்ளைக்காரன் 1842இல் தொடங்கி வைத்த ஆட்டம் 180 ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது. இதற்காக நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. அங்கே வேலை செய்த முந்நூற்றைம்பது பேரின் பிழைப்பைப் பற்றித்தான் கவலை.

நில நெருக்கடியோடு இன்னொரு நெருக்கடியும் உண்டு. 55,000 பேர் அமரும் அரங்கத்தைப் பராமரிக்க ஆறு கோடிப் பேர் வாழும் நாட்டில் என்ன செலவாகுமோ, ஏறக்குறைய அதேதான் அறுபது லட்சம் பேர் வாழும் நாட்டிலும் ஆகும். புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் ஜனத்தொகையைப் பார்த்து ஊற்றுவதில்லை. விளக்குக்கு மின்சாரம், கூரைக்குப் பழுது, காவலுக்கு ஆள், எல்லாம் அப்படியே. ஆனால் வந்து உட்காரும் கூட்டம் சிறியது. உள்ளூர் கால்பந்து லீக் ஆட்டங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கில் அல்ல, நூற்றுக்கணக்கில்தான் ரசிகர்கள். ஆக, சிறிய நாட்டின் பெரிய அரங்கம் பெரும்பாலான நாட்கள் வெறிச்சோடித்தான் கிடக்கும். அப்போது இரண்டே வழி. நூலகத்தைப் போல, மருத்துவமனையைப் போல, இதுவும் மக்களுக்கான சேவை என்று நட்டத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால், பணம் கொடுக்கிற எவனுக்கும் வாடகைக்கு விட்டு நாட்களை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக நம்பியது. அந்த நம்பிக்கையின் கதைதான் காலாங்.

பழைய தேசிய அரங்கம் 1973இல் திறக்கப்பட்டது. அதைக் கட்ட உதவியது லாட்டரிப் பணம். கள்ளச் சூதாட்டத்தை ஒழிப்பதற்கென்று 1968இல் 'சிங்கப்பூர் பூல்ஸ்' என்ற நிறுவனத்தைச் சர்க்காரே தொடங்கியது. அதில் வந்த பணத்தின் ஒரு பகுதி காலாங் மைதானத்தில் செங்கல்லாயிற்று. துறைமுகத் தொழிலாளியும் சந்தையில் மீன் விற்றவளும் சீட்டு வாங்கிக் கட்டிய அரங்கம் என்று சொன்னால் மிகையாகாது. அந்த ஆண்டு நடந்த தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில், அதே அரங்கத்தில், குளோரி பர்னபாஸ் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். எழுபதுகளில் மலேசியக் கிண்ண ஆட்டம் என்றால் காலாங் அதிரும். 'காலாங் கர்ஜனை' என்றே அதற்குப் பெயர். 1977இல் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அணிக்குத் தலைவர் சமது அல்லாபிச்சை. முன்வரிசையில் ஆடியவர் எஸ். ராஜகோபால். இந்தப் பெயர்கள் எந்த மண்ணின் பெயர்கள் என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2007இல் அந்த அரங்கத்தை மூடினார்கள். அதே இடத்தில் 35 ஹெக்டேரில் ஒரு மாபெரும் வளாகம். தேசிய அரங்கம், நீச்சல் அரங்கம், உள்ளரங்கம், கடைவீதி, நூலகம் என எல்லாம் அடங்கியது. மதிப்பீடு 133 கோடி சிங்கப்பூர் வெள்ளி. கஜானாவில் பணம் இல்லாத நாடா சிங்கப்பூர்? இல்லை. உலகிலேயே பணம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கார்களில் அதுவும் ஒன்று. ஆனாலும், "சர்க்கார் ஏன் கட்ட வேண்டும்? தனியார் கட்டட்டும், தனியார் கடன் வாங்கட்டும், தனியார் நடத்தட்டும், நாம் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்துவிடுவோம்" என்று முடிவு செய்தார்கள். பொது-தனியார் கூட்டு என்று இதற்கு நாகரிகமான பெயர். நம் கிராமத்தில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: நான் உமி கொண்டு வருகிறேன், நீ அவல் கொண்டு வா, இருவரும் ஊதி ஊதித் தின்போம்!

முதலீட்டு நிறுவனம் ஒன்று, கட்டுமானக் கம்பெனி ஒன்று, கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்று, அரங்கம் நடத்தும் கம்பெனி ஒன்று ஆகியவை சேர்ந்த கூட்டணிக்கு 25 ஆண்டு ஒப்பந்தம். 2008இல் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டில் உலக வங்கிகள் சரிந்தன. கடன் கொடுக்க ஆளில்லை. 2011இல் முடிய வேண்டிய வேலையை 2010இல்தான் ஆரம்பிக்க முடிந்தது. 2014 ஜூனில்தான் கதவு திறந்தது. தனியார் என்றால் வேகம் என்பார்களே, அந்த வேகம் வங்கிக்காரனின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இனிக் கணக்குக்கு வருவோம். கூட்டணிக்குச் சர்க்கார் கொடுக்க ஒப்புக்கொண்டது ஆண்டுக்கு 19 கோடியே 37 லட்சம் வெள்ளி. ஏழால் பெருக்கிப் பாருங்கள். 135 கோடியைத் தாண்டுகிறது. அதாவது ஏழே ஆண்டுத் தவணையில் கட்டுமானச் செலவு முழுவதும் தீர்ந்துவிடும்; ஒப்பந்தமோ 25 ஆண்டு. நியாயமாகப் பேச வேண்டும். இந்தத் தவணை முழுவதும் லாபமல்ல. வட்டி இருக்கிறது, பராமரிப்பு இருக்கிறது, ஊழியர் சம்பளம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் அந்த வட்டி யாருடைய வட்டி? சர்க்கார் நேரே கடன் வாங்கியிருந்தால் குறைந்த வட்டியில் கிடைத்திருக்கும். கம்பெனி வாங்கியதால் கூடுதல் வட்டி. அந்தக் கூடுதலைக் கொடுப்பவனும் வரி கட்டும் குடிமகன்தானே? நட்டம் வந்தால் தனியார் சுமப்பான் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். ஆண்டுதோறும் தவறாமல் தவணை வருகிறவனுக்கு என்ன நட்டம்?

திறந்த சில மாதங்களிலேயே சாயம் வெளுத்தது. 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் அங்கே மோதின. நெய்மார் நான்கு கோல் போட்டார். பிரேசில் 4-0 என்று ஜெயித்தது. ஆனால் உலகம் பேசியது கோல்களைப் பற்றியல்ல, மைதானத்தைப் பற்றி. புல் திட்டுத் திட்டாக, இடையிடையே மணல். 133 கோடி வெள்ளி அரங்கத்தில் புல் முளைக்கவில்லை! வெயிலை மறைக்கும் கூரையின் கீழே புல் வளர்ப்பது சுலபமல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பின்னர் புல்லை மாற்ற வேண்டியதாயிற்று.

அதைவிட வேடிக்கை தேசிய தின விழா விவகாரம். ஆகஸ்டு 9 சிங்கப்பூரின் சுதந்திர தினம். 2016ஆம் ஆண்டு விழாவைத் தேசிய அரங்கத்தில் நடத்த விரும்பினார்கள். ஒத்திகைக்கும் ஏற்பாட்டுக்கும் ஒப்பந்தத்தில் குறித்ததைவிட அதிக நாட்கள் தேவைப்பட்டன. உடனே கம்பெனி கை நீட்டியது: இன்னும் 2 கோடியே 60 லட்சம் வெள்ளி வேண்டும்! நாட்டின் பிறந்தநாளை நாட்டின் அரங்கத்தில் கொண்டாட, நாட்டின் சர்க்காரிடமே கூடுதல் வாடகை! பேரம் பேசித் தொகையைக் குறைத்தார்கள், விழா நடந்தது. அடுத்த ஆண்டே விழா மரினா பே மிதக்கும் மேடைக்குத் திரும்பிவிட்டது. கம்பெனியை நாம் திட்டிப் பயனில்லை. ஒப்பந்தம் கொடுத்த உரிமையைத்தான் அது கேட்டது. லாபத்துக்காக இயங்குகிறவனிடம் திருவிழா நடத்த இடம் கேட்டால் அவன் கல்லாப் பெட்டியைத் திறந்துகொண்டுதான் பேசுவான். கேள்வி, அந்த உரிமையை எழுதிக் கொடுத்தவர்களை நோக்கியது.

தலைமை நிர்வாகிகள் வந்தார்கள், போனார்கள். கொரோனா வந்தது, அரங்கம் அடங்கிக் கிடந்தது. 2022 ஜூன் 10ஆம் தேதி சர்க்கார் அறிவித்தது: ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், வளாகத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் சர்க்காருக்குச் சொந்தமான நிறுவனம் நடத்தத் தொடங்கியது. ஒப்பந்தத்தை முறிக்கக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 150 கோடி வெள்ளி என்று சொன்னார்கள். 2035 வரை தவணை கட்டிக்கொண்டிருந்தாலும் இப்போது எடுத்துக்கொண்டாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றும் சமாதானம் சொன்னார்கள்.

இந்தச் சமாதானத்தைக் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். சர்க்காரே நடத்தினாலும் அதே செலவு, தனியார் நடத்தினாலும் அதே செலவு என்றால், தனியார் கொண்டுவந்ததுதான் என்ன? நிலம் சர்க்காருடையது. தவணை சர்க்காருடையது. கடைசியில் விலை கொடுத்து மீட்டதும் சர்க்கார். அவல் முழுவதும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கிறது! மக்கள் அதிகம் பயன்படுத்தும் இடமாக வளாகத்தை மாற்ற வேண்டும், அதற்குப் பழைய ஏற்பாடு இடம் கொடுக்கவில்லை என்று சர்க்காரே சொல்லிவிட்டது. 1959 முதல் அந்நாட்டை ஆண்டுவரும் மக்கள் செயல் கட்சி பொதுவுடைமைக் கட்சி அல்ல. தனியார் மூலதனத்தைத் தலையில் வைத்துத் தாங்குகிற கட்சி. அந்தக் கட்சியே, தன் தலைநகரின் நடு மைதானத்தைத் தனியாரிடமிருந்து மீட்டுப் பொதுவாக்க நேர்ந்தது. நம் ஊரில் 'சிங்கப்பூரைப் பார்' என்கிறவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டும் ஏன் பார்க்க மறுக்கிறார்கள் என்பது நமக்குப் புரியவில்லை.

மீட்டாகிவிட்டது. அத்துடன் பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை. கம்பெனி போயிற்று, கம்பெனிக் கணக்கு போகவில்லை.

2024 ஜனவரியில் 'கோல்ட்பிளே' இசைக்குழு தேசிய அரங்கத்தில் ஆறு இரவுகள். மார்ச்சில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவுகள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ரசிகர்கள். தென்கிழக்கு ஆசியாவில் அந்த அம்மையார் வேறெங்கும் பாடவில்லை. சுற்றுலா நிதியிலிருந்து சர்க்கார் மானியம் கொடுத்தது. அண்டை நாடுகள் முணுமுணுத்தன. தொகை எவ்வளவு என்று கேட்டால், வணிக ரகசியம் என்றார்கள். பொதுமக்கள் பணத்தில் கொடுத்த மானியம் பொதுமக்களிடமிருந்தே மறைக்கப்பட வேண்டிய ரகசியமாம்! பாட்டுக் கச்சேரிக்கு நாம் விரோதிகளல்ல. ஹோட்டல் ஊழியனுக்கும் டாக்ஸி ஓட்டுநருக்கும் நாலு காசு கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. கச்சேரி வாடகையால் நீச்சல் கற்கும் குழந்தைக்குக் கட்டணம் குறைகிறது என்று காட்டினால், முதலில் கைதட்டுகிறவர்கள் நாமாக இருப்போம்.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நடந்தது என்ன? ஆசியான் கால்பந்துப் போட்டியில் சிங்கப்பூர் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. டிசம்பர் 26ஆம் தேதி, சொந்த ஊரில், வியட்நாமுடன் ஆட்டம். 55,000 பேர் அமரும் தேசிய அரங்கம் அந்த நாளில் தேசிய அணிக்குக் கிடைக்கவில்லை. சுமார் 6,000 பேர் அமரும் ஜாலான் புசார் அரங்கத்தில், செயற்கைப் புல்லில் ஆடினார்கள். 0-2 என்று தோற்றார்கள். பெரிய அரங்கில் ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. வியட்நாம் பலமான அணி. ஆனால் கர்ஜிக்க வந்திருக்கக்கூடிய பல்லாயிரம் பேர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நாட்டின் அணி அரையிறுதிக்கு வருமோ வராதோ என்று நாளை ஒதுக்கி வைத்துக் காத்திருப்பது வியாபாரக் கணக்கில் நட்டம். சேவைக் கணக்கில் அதுதான் அரங்கத்தின் வேலை.

தொலைக்காட்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் கால்பந்துக்குச் செலவு செய்யாதவர்களல்ல. இங்கிலாந்து லீக் ஆட்டங்களைப் பார்க்க மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள். இரண்டு தொலைத்தொடர்புக் கம்பெனிகள் அந்த உரிமைக்காகப் பல காலம் முட்டி மோதின. 2022 முதல் ஆறு பருவங்களுக்கு ஸ்டார்ஹப் அதைப் பெற்றிருக்கிறது. அந்தப் பணம் கடல் கடந்து லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போகிறது. வெங்காயத்தை இறக்குமதி செய்வதுபோல ஆட்டத்தையும் இறக்குமதி செய்கிறார்கள். சின்ன நாட்டில் இதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் உள்ளூர் கிளப்புகள் நீண்டகாலம் சூதாட்ட இயந்திர வருமானத்தையும் மானியத்தையும் நம்பி உயிர்வாழ நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மோட்டார் பந்தயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008 முதல் நகர வீதிகளில் இரவு நேர ஃபார்முலா ஒன் பந்தயம். 2017இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஆண்டுச் செலவு சுமார் 13 கோடியே 50 லட்சம் வெள்ளி. அதில் 60 சதவீதம் சர்க்கார் பங்கு. சுற்றுலா மூலம் மொத்தம் 200 கோடிக்கு மேல் வந்துவிட்டதாகச் சர்க்கார் கூறுகிறது. பந்தய நாட்களில் லாபமடையும் ஹோட்டல்களிடம் தனி வரி வசூலிக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். இது நல்ல ஏற்பாடு. கொழுப்பவனிடம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் இந்த ஆடம்பரத்தைச் சுற்றி எப்படிப்பட்ட ஈக்கள் மொய்க்கும் என்பதையும் அந்நாடு கண்டது. அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன், பந்தய உரிமை பெற்ற தொழிலதிபர் உள்ளிட்ட இருவரிடமிருந்து பந்தய டிக்கெட்டுகள் போன்ற பொருள்களைப் பெற்ற வழக்கில் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை அடைந்தார். ஒப்பந்தத்தால் சர்க்காருக்கு நட்டம் என்று அந்த வழக்கில் நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர் தமிழர் என்பதற்காக நாம் இந்த விஷயத்தை விழுங்கிவிட வேண்டியதில்லை. ஓர் அமைச்சரைச் சிறைக்கு அனுப்பிய நீதிமுறையை மெச்சவும் தயங்க வேண்டியதில்லை.

2010இல் நடந்த முதல் இளைஞர் ஒலிம்பிக்கும் இந்த வரிசைதான். தொடக்கத்தில் 10 கோடி வெள்ளி சொச்சம் என்றார்கள். முடிவில் 38 கோடியே 70 லட்சம்.

இதையெல்லாம் சொல்வதால் சிங்கப்பூர்ச் சர்க்கார் விளையாட்டுத் துறையில் எதையுமே உருப்படியாகச் செய்யவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தெம்பனிசுக்குப் போய்ப் பாருங்கள். 2017இல் 50 கோடி வெள்ளியில் சர்க்காரே கட்டிய வட்டார மையம். கால்பந்துத் திடல் இருக்கிறது, நீச்சல் குளங்கள் இருக்கின்றன, நூலகம் இருக்கிறது, மருத்துவ நிலையம் இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பாட்டி மருந்து வாங்கப் போகிறாள், பேரன் பந்தாடப் போகிறான், ஒரே வாசல். பொது உடற்பயிற்சிக் கூடங்களில் ஒரு தடவைக்கு இரண்டரை வெள்ளி கொடுத்தால் போதும். தனியார் கூடத்தில் மாதத்துக்கு நூறு வெள்ளிக்கு மேல் கறப்பார்கள். பள்ளிக்கூடத் திடல்களை வகுப்பு முடிந்த பின் ஊராருக்குத் திறந்துவிடுகிறார்கள்; ஒரே நிலம், இரண்டு உபயோகம். 2014இல் 'ஆக்டிவ் எஸ்ஜி' திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நூறு வெள்ளி கணக்கில் வைத்தார்கள். 2025இல் நாட்டின் அறுபதாம் ஆண்டை ஒட்டி மீண்டும் ஒரு நூறு. மக்கள் என்ன செய்தார்கள்? முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். பூப்பந்து மைதானத்துக்கு முன்பதிவு கிடைக்காமல், இயந்திரத்தை வைத்துப் பதிவு செய்து கூடுதல் விலைக்கு விற்கும் தரகர்கள் கிளம்பும் அளவுக்குக் கூட்டம்! மலிவாகக் கொடுத்தால் மக்கள் விளையாடுவார்கள் என்பதற்கு அந்தத் தரகர்களே சாட்சி. கூரைக்குக் கீழே காற்று புகாத நாலு பூப்பந்துக் களங்கள் கூடுதலாகக் கட்ட எத்தனை டெய்லர் ஸ்விஃப்ட் மானியம் தேவைப்படும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் தேவலை. ரகசியத்தைச் சொன்னால்தானே கணக்குப் போட முடியும்?

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மறுபடி திரும்ப வேண்டும். 1968இல் தொடங்கிய சீட்டு வியாபாரம் இன்றும் நடக்கிறது. அதன் உபரி 'டோட் போர்டு' என்ற வாரியத்தின் வழியே தர்ம காரியங்களுக்கும் கலைக்கும் விளையாட்டுக்கும் போகிறது. கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை சீட்டுக் கடை வாசலில் வரிசையில் நிற்பவன் யார்? கோல்ஃப் கிளப் உறுப்பினனா? துப்புரவுத் தொழிலாளியும் காவலாளியும் வாங்கும் சீட்டில்தான் பதக்கப் பரிசின் ஒரு பங்கு இருக்கிறது. 2016 ரியோவில் ஜோசஃப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 விநாடியில் முதலாவதாக வந்து நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். பரிசு 10 லட்சம் வெள்ளி. தகுதியான பரிசு. ஆனால் அந்தப் பிள்ளையை அமெரிக்காவில் வைத்துப் பயிற்றுவிக்க அவன் பெற்றோர் அதற்கு முன்பே 10 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தார்கள். அவ்வளவு பணமில்லாத வீட்டில் அதே திறமையோடு ஒரு பிள்ளை பிறந்திருந்தால்? ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு. ஜெயிப்பதற்கு முன் கொடுப்பதுதான் உதவி. அதே ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற யிப் பின் சியூவுக்கு உரிய பரிசு விகிதம் 2 லட்சம்தான். ஊரார் கேட்ட பிறகு உயர்ந்து, 2024இல் 5 லட்சமாயிற்று. இன்னும் பாதிதான். கை கால் குறைந்தவர் நீந்தினால் தங்கத்தின் எடையும் குறைந்துவிடுமா?

கடைசியாக, நம் வீட்டுச் சங்கதி. சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் போன பிள்ளைகள் அவர்களிலே பல்லாயிரம். அவர்களுக்கென்று மனிதவள அமைச்சு கிராஞ்சி, பெஞ்சுரு போன்ற ஒதுக்கமான இடங்களில் பொழுதுபோக்கு மையங்களை வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நூறு வெள்ளிச் சலுகை குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் உண்டு. ஒப்பந்தக் கூலிக்கு இல்லை. அவனை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி மாதந்தோறும் சர்க்காருக்குத் தீர்வை கட்டுகிறான். அந்தத் தீர்வையில் மாதம் ஒரு வெள்ளியை ஒதுக்கினாலே ஆண்டுக்கு ஐம்பது லட்சம் வெள்ளி அளவுக்குச் சேருமே! விடுதிக்குப் பக்கத்தில் விளக்குப் போட்ட திடல்கள் எத்தனை போடலாம்?

காலாங்கில் வரப்போகும் புதிய உள்ளரங்கத்துக்குச் சாரம் கட்டப்போவதும் கம்பி வளைக்கப்போவதும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். இந்தத் தடவை எந்தக் கம்பெனிக்கும் 25 ஆண்டுக்கு எழுதிக் கொடுக்காமல் சர்க்காரே வைத்திருக்குமா, ஆண்டில் எத்தனை நாள் விளையாட்டுக்கு, எத்தனை நாள் கச்சேரிக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்குமா, மானியத் தொகையை நாடாளுமன்றத்தில் வைக்குமா என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இந்த மூன்றையும் இப்போதே கேட்டு வைப்பது நல்லது; 2008இல் கேட்க வேண்டியதை 2022இல் கேட்டதற்கு 150 கோடி வெள்ளி ஆயிற்று.